குடல் நம்முடையது, பட்டா அவர்களுடையது

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில் இருக்கிறது திருப்பாச்சூர். வாசீஸ்வரர் கோயில் கொண்ட பாடல் பெற்ற தலம். இப்போது அந்தப் பக்கமெல்லாம் வயல் குறைந்து, கல் நட்டு, கலர் கொடி கட்டி, 'வங்கிக் கடன் வசதி உண்டு' என்று பலகை வைத்த மனைப்பிரிவுகள். நிலம் வாங்கி விற்ற அனுபவம் உள்ள யாரைக் கேட்டாலும் ஒரு விதி சொல்வார்கள்: அனுபவிக்கிறவன் ஒருத்தன், பட்டா வேறொருத்தன் பேரில்.

மனிதக் குடலின் சரித்திரமும் இதே கதைதான். வாயிலிருந்து கடைசி வாசல் வரை சுமார் ஒன்பது மீட்டர் நீளச் சொத்து. ஏப்பம், எரிச்சல், வாயு என்று சகல வில்லங்கங்களோடும் அனுபவ பாத்தியதை நம்முடையது. உள்ளே போய்ப் பார்த்தால் மூலைக்கு மூலை யாரோ ஒரு ஐரோப்பியர் பேர். வயிறு யாருடையதோ அவருக்கு வலி. எட்டிப் பார்த்தவருக்குப் பேர். காலங்காலமாக இந்தப் பத்திரப் பதிவு நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கு மாபெரும் விதிவிலக்கு ஒருவர் உண்டு. அவர் திருப்பாச்சூருக்கே வந்து பாடிவிட்டுப் போனவர்.

ஏழாம் நூற்றாண்டு. மருள்நீக்கியார் என்ற திருவாமூர்ப் பிள்ளை சமணத்துக்குப் போய், பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைமை இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பீகார்ப் பாடலிபுத்திரம் இல்லை, நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். வாதம் என்று வந்தவர்களையெல்லாம் வாயடைத்து அனுப்பிய மனிதரோடு ஒருநாள் அவர் வயிறே வாதத்துக்கு வந்தது. சூலை நோய். மடத்து முதலுதவியைப் பெரிய புராணம் சொல்கிறது: மந்திரித்த தண்ணீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். மயிலிறகுக்கெல்லாம் மசியும் குடலா அது? கடைசியில் சமையற்காரரைக் கூப்பிட்டு, அக்கா திலகவதியாரிடம் தூது அனுப்பினார். வயிற்றுவலிக்காரர் ஒருவர் சமையற்காரரை நம்பியது சரித்திரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கா அக்காதான். "நான் அங்கே வரமாட்டேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார். தம்பி ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்குப் போய், காலில் விழுந்து, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, கோயிலில் நின்று பாடினார். முதல் பாட்டிலேயே விவரம் சுத்தமாக இருக்கிறது: வலி வயிற்றின் உள்ளே, குடலோடு சேர்த்து முடக்குகிறது. இன்றைய டாக்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளலாம். அது குடற்புண்ணா, பித்தப்பைக் கல்லா என்று கேட்காதீர்கள். ஸ்கோப் போட்டுப் பார்க்காமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வலி தீர்ந்தது. நாவுக்கரசர் என்ற பேர் வந்தது. பிறகு பல்லவ ராஜா நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டிப் பார்த்தும், சூலைக்குச் சுருண்ட அதே வயிறு நஞ்சை அலட்டிக்கொள்ளாமல் செரித்துவிட்டது. வயிற்றுக்குச் சொந்தக்காரரே பேரையும் வாங்கிக்கொண்ட அபூர்வ வழக்கு இது.

பக்கத்துத் திருவள்ளூரிலேயே நிலவரம் வேறு. சாலிஹோத்திரர் என்ற முனிவர் ஒரு வருஷம் பட்டினி கிடந்து தவம் செய்தார். தை அமாவாசையன்று அரிசி சேர்த்து மாவாக்கி, அதிதிக்கு ஒரு பங்கு, தனக்கு ஒரு பங்கு என்று வைத்தார். ஒரு கிழவர் வந்தார். தன் பங்கைத் தின்றார், பசி அடங்கவில்லை என்று முனிவர் பங்கையும் தின்றார். முனிவர் முகம் சுளிக்காமல் இன்னொரு வருஷம் பட்டினி. மறுபடி அதே கிழவர், அதே பசி. இந்தத் தடவை சாப்பிட்டு முடித்துவிட்டு, படுக்க இடம் எங்கே என்று வேறு கேட்டார். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். பெருமாளுக்கும் உண்டு என்று ஊர்ஜிதமான இடம் அது. படுத்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அப்படிப் படுத்த வீரராகவப் பெருமாளுக்குத்தான் 'வைத்திய' வீரராகவர் என்ற பட்டம். நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் குளத்தில் வெல்லத்தைக் கரைக்கிறார்கள், உப்பும் மிளகும் செலுத்துகிறார்கள். பட்டினி கிடந்தவர் ஒருவர், டாக்டர் பட்டம் சாப்பிட்டவருக்கு. பெருமாளாவது மனசாட்சியோடு முனிவர் தலையில் கை வைத்தபடி படுத்திருக்கிறார். பிற்காலத்து டாக்டர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

அகத்தியர் கேஸ் தலைகீழ். இல்வலன் தன் தம்பி வாதாபியை ஆடாக்கி, வெட்டி, சமைத்து, விருந்தாளிக்குப் போடுவான். சாப்பிட்டு முடித்ததும் "வாதாபி, வா" என்பான். தம்பி வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருவான். மனித இரைப்பை சாதாரணமாகக் கொள்வது ஒன்று, ஒன்றரை லிட்டர். குறுமுனி முழு ஆட்டையும் ஒரே பந்தியில் முடித்தார். அண்ணன் கூப்பிட்டான். வாதாபி வரவில்லை, மகாபாரத வனபர்வத்தின்படி, மேகம் இடித்தாற்போல் காற்று மட்டும் வந்தது. வியாசர் கூச்சப்படாமல் எழுதியிருக்கிறார், நாம்தான் உபன்யாசத்தில் அந்த இடத்தை ஏப்பமாக மாற்றி நாகரிகப்படுத்திவிட்டோம். செரிக்கப்பட்டவன் பேரில் ஒரு தலைநகரமே இருந்தது. அதையும் 642ல் நரசிம்மவர்ம பல்லவன் போய் விழுங்கி ஏப்பம் விட்டான்.

புராணம் போதும், அளவைக்கு வருவோம். குடலை முறைப்படி அளந்த சர்வேயர்களில் நம் சுஸ்ருதர் மூத்தவர். இந்த அளவைக்குக் கத்தியெடுத்து அறுப்பது அவர் வழியில்லை. பிணத்தைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் தண்ணீரில் ஏழு ராத்திரி ஊறப் போடு என்கிறார். நன்றாக ஊறியதும் வெட்டிவேர், மூங்கில் நாரில் செய்த தூரிகையால் படலம் படலமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த வாசனையிலும் நிதானமாக நின்று அவர் குறித்த கணக்கு: ஆண் குடல் மூன்றரை வியாமம், பெண் குடல் அரை வியாமம் குறைச்சல். வியாமம் என்றால் இரண்டு கையையும் விரித்த அகலம். பெருக்கினால் ஆறு மீட்டர் சொச்சம் வருகிறது. சிறுகுடல் ஆறேழு மீட்டர் என்று இன்றைய பாடப் புத்தகமும் சொல்கிறது. அந்தப் பிணம் யாருடையது என்று மட்டும் எழுதி வைக்கவில்லை.

மேற்கே கேலன் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்துவிட்டு, மனிதனுக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். ஆயிரத்து முந்நூறு வருஷம் அது வேதவாக்கு. மனித உடம்பில் கேலன் சொன்னது இல்லையென்றால் உடம்பில்தான் கோளாறு என்று வாதாடிய பேராசிரியர்கள் இருந்தார்கள். பதுவா பல்கலைக்கழகத்து வெசாலியஸ் 1543ல், இருபத்தெட்டு வயதில், புத்தகம் போட்டுக் குட்டை உடைத்தார். அவர் அறுத்தவர்களில் பலர் தூக்குமரத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள். அவர்கள் பேரும் புத்தகத்தின் அட்டையில் இல்லை.

குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது. உள்ளே போன சோறு என்ன ஆகிறது? அரைபடுகிறது என்றது ஒரு கட்சி. வேகிறது என்றது இன்னொன்று. அழுகுகிறது என்றது மூன்றாவது. 1752ல் பிரான்சில் ரெயோமூர் ஒரு பருந்துக்கு, இரண்டு முனையிலும் வலை கட்டிய உலோகக் குழாய்க்குள் இறைச்சி வைத்து விழுங்கக் கொடுத்தார். ஜீரணமாகாததைக் கக்கிவிடுவது பருந்தின் பழக்கம். கக்கிய குழாயில் ஒரு நசுங்கல் இல்லை, இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. ஆக அரைவை இல்லை, ஏதோ திரவம். இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி ஒரு படி மேலே போய், துணிப் பைக்குள் ரொட்டியைத் தைத்துத் தானே விழுங்கினார். மறுநாள் பை மட்டும் முழுசாக வெளியே வந்தது. எப்படித் தேடி எடுத்தார் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். 1824ல் லண்டனில் பிரவுட், அந்தத் திரவத்தில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றார். கக்கூஸ் கழுவ பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, அதே சரக்கு. அவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் ரசத்தில் புளி தூக்கல் என்று குறை சொல்கிறோம்.

அடுத்தது, பட்டா மோசடிகளிலேயே பெரிய மோசடி. 1822 ஜூன் 6, அமெரிக்காவில் மாக்கினாக் தீவு. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற, மிருக ரோம வியாபாரக் கம்பெனிக் கூலியாள்மீது பக்கத்தில் நின்றவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. காலையில் சாப்பிட்டது விலாவிலிருந்த ஓட்டை வழியே வெளியே வந்தது. ராணுவ டாக்டர் வில்லியம் பியூமான்ட் காப்பாற்றினார். புண் ஆறியது, ஓட்டை மூடவில்லை. டாக்டருக்கு ஜன்னல் கிடைத்துவிட்டது.

1825 ஆகஸ்ட் 1, பகல் பன்னிரண்டு மணி. மாட்டுக்கறி வகைகள், பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் என்று துண்டு துண்டாகப் பட்டுநூலில் கட்டி, ஓட்டை வழியே டாக்டர் உள்ளே இறக்கினார். நோயாளியை வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தார். கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, கறி அப்படியே இருந்தது. மறுபடி உள்ளே. இரண்டு மணிக்கு வேகவைத்த கறியையும் காணோம். மார்ட்டினுக்கு வயிற்றுவலி வந்தது, டாக்டர் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார். மார்ட்டின் கோபப்பட்டால் ஜீரணம் கெடுகிறது என்றும் எழுதினார். ஏன் கோபப்பட்டார் என்று டாக்டர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள். நடுவில் மார்ட்டின் கனடாவுக்கு ஓடிப் போய்க் கல்யாணம் செய்து குழந்தை குட்டியோடு இருந்தார். மறுபடி பிடித்து வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1833ல் புத்தகம் வந்தது. பியூமான்ட் 'இரைப்பை இயலின் தந்தை' ஆனார். மார்ட்டின்? வயிற்றில் ஓட்டையோடு, டாக்டர் போய்ச் சேர்ந்து இருபத்தேழு வருஷம் கழித்தும் இருந்து, 1880ல் செத்தார். மருத்துவ உலகம் அந்த வயிற்றைக் கேட்டு நின்றது. குடும்பத்தார் பிணத்தை வெயிலில் அழுக விட்டு, எட்டடிக் குழியில் புதைத்தார்கள். தன் வயிற்றுக்கு யாரும் பத்திரம் எழுதிவிடக் கூடாது என்று ஒரு குடும்பம் நடத்திய மறியல் அது.

நுண்ணோக்கி வந்ததும் மனைப் பிரிப்பு மும்முரமாயிற்று. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் வட்டாரத்திலிருந்து இரண்டு பேர். 1677ல் பேயர், சிறுகுடலின் கடைக்கோடியில் நிணநீர்த் திட்டுகளை வளைத்துப் போட்டார். 1687ல் புரூன்னர், முன்சிறுகுடலில் அமிலத்தை அடக்கும் சுரப்பிகளைப் பதிந்துகொண்டார். 1745ல் பெர்லின் லீபர்கூன், குடலின் விரல் போன்ற உறிஞ்சிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களுக்கெல்லாம் ஒட்டுமொத்தப் பட்டா வாங்கினார். இத்தாலிய மால்பிகி அதற்கு முன்பே அவற்றைப் பார்த்திருந்தார் என்பது வில்லங்கச் சான்றிதழில் ஏறவில்லை. சுவருக்குள் ஓடும் நரம்பு வலையில் ஒரு பாதி மைஸ்னருக்கு, மறுபாதி 1862ல் அவர்பாக்குக்கு.

இந்த மனைகளையெல்லாம் இன்று கல் எண்ணிச் சரிபார்க்கிறவர்கள் முதலாண்டு மருத்துவ மாணவர்கள். 2022ல் திருவள்ளூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஹிஸ்டாலஜி ரெக்கார்டுக்கு 'எச் அண்ட் ஈ' பென்சில் வேண்டும்: பிங்க் ஒன்று, ஊதா ஒன்று. இரைப்பைச் சுவரை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, லென்ஸுக்குக் கீழே வைத்தால் மேலே வரிசையாகக் குழிகள். குழிக்கு அடியில் நீண்ட சுரப்பிகள். அதில் உருண்டையாக, பளிச்சென்று பிங்க்கில் இருப்பவை அமிலம் ஊற்றும் செல்கள். அடிவாரத்தில் ஊதாவாகக் கூடியிருப்பவை பெப்சினுக்கு மூலப்பொருள் தயாரிப்பவை. இவ்வளவு அமிலத்துக்கு நடுவே இரைப்பை தன்னையே தின்றுவிடாமல் இருக்கக் காரணம், மேலே பூசிய சளிப்படலமும், சில நாட்களுக்கொருமுறை உள்தோலை அடியோடு புதுப்பிக்கிற வேகமும். சிறுகுடல் வந்தால் விரல் விரலாக உறிஞ்சிகள். நடுநடுவே சாயம் ஏறாமல் வெளுத்து நிற்பவை சளி கக்கும் செல்கள். பத்து மாணவர்களில் ஒன்பது பேர் வரைகிற குடலில் பிங்க் பென்சில்தான் முதலில் தீரும்.

அதிகார எல்லையும் அந்தக் கண்ணாடியில் தெரியும். உணவுக்குழாயின் மேல்பகுதியில் இருப்பது கைகாலில் இருக்கிற அதே ஜாதி வரித்தசை. கீழே போகப் போக அது மறைந்து, சொல் கேட்காத மென்தசை வந்துவிடுகிறது. தொண்டை தாண்டியதும் நம் ஆட்சி கவிழ்ந்தது. 1899ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிப் பார்த்தார்கள். குடல் பாட்டுக்கு முன்னே தள்ளிக்கொண்டிருந்தது. பத்து கோடிக்கு மேல் நரம்பு செல்களை வைத்துக்கொண்டு தனி ராஜாங்கம் நடத்துகிறது அது. குடல் தள்ளும் இந்த முறைக்கு அவர்கள் வைத்த பேர் 'குடலின் விதி'. நல்லவேளை, அதற்காவது குடலின் பேரே கிடைத்தது.

நம் ஊரில் எலிகளுக்கும் இதே அநியாயம் நடந்தது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் இந்தியாவின் ஏழு வட்டாரச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டார். சீக்கிய எலிக்குச் சப்பாத்தி, வெண்ணெய், பால், காய்கறி, வாரத்துக்கொரு நாள் கறி. மதராஸி எலிக்குத் தீட்டிய அரிசிச் சோறு, பெயருக்குப் பால். சீக்கிய எலி மல்யுத்தத்துக்கு ரெடி. மதராஸி எலி கடைசி ரேங்க். இன்னொரு சோதனையில் ஏழை மதராஸ், திருவிதாங்கூர்ச் சாப்பாடு தின்ற எலிகளின் வயிற்றில் புண்ணே வந்தது. டாக்டருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. எலிகளுக்கு ஒரு ஊத்தப்பம்கூட இல்லை.

பேர் வாங்காமல் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக்காரரும் உண்டு, அவரை விட்டால் பாவம். அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் 1847ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். 1872ல் 'மனுஷ அங்காதிபாதம்' அச்சாயிற்று. கும்பகோணத்துக்காரருக்கும் கோப்பாய்க்காரருக்கும் தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தன் பாஷையில் படிக்க வழி செய்தவர், எந்தச் சுரப்பிக்கும் தன் பேரை வைத்துக்கொள்ளவில்லை. பட்டா ஆபீசில் இப்படியும் ஒருவர்.

இதற்கிடையே மறு அளவை வேறு. குடலின் உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் வரும் என்று எல்லாப் புத்தகமும் சத்தியம் செய்தது. அதாவது 260 சதுர மீட்டர், ஒரு கிரவுண்டுக்கு மேல். 2014ல் ஸ்வீடனில் இரண்டு பேர் மறுபடி அளந்து, சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். நம் கணக்கில் 350 சதுர அடிக்கும் கம்மி. கிரவுண்டு என்று சொல்லி விற்ற இடம் அளந்து பார்த்தால் ஒற்றை அறை. திருவள்ளூர்ப் பக்கம் மனை வாங்கியவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நாவுக்கரசருக்குப் பிறகு சொந்த வயிற்றால் பேர் வாங்கியவர் என்றால் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல். 1979ல் பெர்த்தில் ராபின் வாரன், இரைப்பைச் சுவரின் ஸ்லைடுகளில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். அமிலக் குளத்தில் கிருமி எப்படி வாழும் என்று உலகம் சிரித்தது. மார்ஷல் அதை வளர்த்துப் பார்க்க முயன்றார். இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் போடுவது ஆய்வகத்து வழக்கம், கிருமியோ வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டைக் கவனிக்க ஆளில்லை. லீவு முடிந்து வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அரசு விடுமுறையால் நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1984ல் மார்ஷல் கிருமிக் கரைசலை மடக் மடக்கென்று குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம், இரைப்பை அழற்சி. 2005ல் இருவருக்கும் நோபல். குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் கவலையும் காரமும்தான் காரணம் என்ற பழைய தீர்ப்பு கவிழ்ந்தது. பச்சை மிளகாய் வழக்கிலிருந்து விடுதலை ஆயிற்று.

கடைசி வாசலையாவது விட்டார்களா? டப்ளின்காரர் ஜான் ஹூஸ்டன் 1830ல் மலக்குடலின் மூன்று மடிப்புகளுக்குப் பேர் போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்சம் கீழே மோர்காக்னி தூண் நட்டிருக்கிறார். குடியேறவே யாரும் யோசிக்கும் இடத்தில் இரண்டு பேர் போட்டி.

1955ல் பாரிசில் கூடிய உடற்கூறியல் அறிஞர்கள், ஆள் பேர்கள் எதுவும் இனி அதிகாரப் பட்டியலில் கிடையாது என்று அத்தனை பட்டாவையும் ரத்து செய்தார்கள். உத்தரவு வந்ததோடு சரி. ஆக்கிரமிப்பு அகற்றப்படவில்லை. இன்றும் வகுப்பில் பேயர், புரூன்னர், லீபர்கூன்தான். மார்ட்டின் பேரில் ஒரு மடிப்புகூடக் கிடையாது. பட்டா யார் பேரில் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை பிரியாணி வாங்கிவிட்டு நடுராத்திரியில் ஜெலுசில் தேடி எழுந்திருக்கும்போது வரி கட்டுவது நாம்தான்.